கவுன்ட் ஓகே... ஆனால் நீந்தவில்லையே! விந்தணுவின் வாலுக்குள் என்ன நடக்கிறது?

குழந்தை தள்ளிப்போனால் பல வீடுகளில் மனைவியைத்தான் முதலில் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். கணவருக்கு விந்துப் பரிசோதனை கடைசியில்தான். அதிலும் 'கவுன்ட் எவ்வளவு?' என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. விந்தணு நீந்தவும் வேண்டும். அதற்குக் காரணம், அதற்குள் இருக்கும் புரதச் சட்டகம்.

சாரம் கட்டும் புரதம்

உடலுக்கு எலும்பு போல, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆக்டின், டியூபுலின் போன்ற புரதங்களாலான சட்டகம் உண்டு. விந்தணுவும் ஆரம்பத்தில் உருண்டையான செல்தான். டியூபுலின் குழல்கள் அதன் தலையைச் சுற்றிப் பாவாடை போல அமைந்து, தலைக்கு வடிவம் கொடுக்கின்றன. வாலுக்கான பொருள்களையும் கொண்டு சேர்க்கின்றன. வேலை முடிந்ததும், கட்டடத்தின் சாரத்தைப் பிரிப்பது போல அந்தப் பாவாடை கலைந்துவிடும்.

வாலுக்குள் ஒரு மோட்டார்

வாலின் நடுவில் 2 குழல்கள். சுற்றிலும் 9 ஜோடிக் குழல்கள். இந்த ஜோடிகளை ஒன்றின்மேல் ஒன்று சறுக்க வைத்து, வாலை அசைப்பது டைனின் என்ற புரதம்.

இந்த மோட்டார் இல்லாவிட்டால்? 1976-ல் சுவீடன் விஞ்ஞானி பியோர்ன் அஃப்செலியஸ் அதைக் காட்டினார். அவர் ஆராய்ந்த ஆண்களின் விந்தணுக்கள் நீந்தவில்லை. அடிக்கடி சைனஸ், மூச்சுக்குழாய்த் தொல்லையும் அவர்களுக்கு இருந்தது. காரணம் ஒன்றே: டைனின் குறைபாடு. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்முடிகளும் அதே டைனினால்தான் இயங்குகின்றன. அதனால், சிறுவயது முதலே தீராத சளித் தொல்லை இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வழி இருக்கிறதா?

இருக்கிறது. நீந்தாத விந்தணு எல்லாம் இறந்த விந்தணு அல்ல. உயிரோடு இருக்கிறதா என்பதைத் தனிப் பரிசோதனையில் அறியலாம். உயிருள்ள ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் 'இக்ஸி' சிகிச்சை 1992 முதல் உண்டு. குறை மரபணுவில் என்றால், அதற்கு முன் மரபணு ஆலோசனை அவசியம்.

அசைவு குறைய புகைப்பழக்கம், விரைப்பகுதியில் ரத்தநாள வீக்கம், கடும் காய்ச்சல் எனக் காரணங்கள் பல. விந்தணு உருவாக சுமார் இரண்டரை மாதம் ஆகும். எனவே ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து இடிந்துபோக வேண்டாம். டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பரிசோதியுங்கள்.

முக்கியமாக, முதல் நாளே கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே டாக்டரைப் பாருங்கள். ஒருவர் மட்டும் பழி சுமக்கும் வருடங்கள் மிச்சமாகும்.