உங்களுக்குத் தெரியுமா? உயிர் காத்த 5 சென்டிமீட்டர் கணக்கு

கல்லீரல் புற்றுநோய்க்கு உறுப்பு மாற்று செய்வது வீண் என்று 1980-களின் இறுதியில் பல மருத்துவர்கள் எண்ணினார்கள். புதிய கல்லீரலிலும் புற்று திரும்பி வந்தது. யாரோ மனமுவந்து தந்த அரிய உறுப்பும் நோயாளியோடு போனது.

இத்தாலியின் மிலான் நகரிலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தில் அறுவை மருத்துவர் வின்சென்சோ மஸ்ஸாஃபெர்ரோவின் குழு, யாருக்குச் செய்தால் பலன் கிடைக்கும் என்று தேடியது. கட்டி ஒன்றே என்றால் 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டு, மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். பெரிய ரத்தக் குழாய்க்குள் புற்று புகுந்திருக்கக் கூடாது. இப்படித் தேர்ந்தெடுத்த, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ள 48 நோயாளிகளின் முடிவு 1996-இல் வெளியானது. நான்காண்டு உயிர்வாழ்வு விகிதம் 75 சதவீதம்! கைவிடப்பட்ட நோய்க்கு இது எத்தனை பெரிய திருப்பம்!

‘மிலான் அளவுகோல்’ என்ற பெயரில் உலகின் பல இடங்களில் மருத்துவர்கள் இன்றும் இந்த விதிகளைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நோயின் போக்கைக் கணிக்கவும் இது உதவுகிறது.

சிறிய கட்டி பெரும்பாலும் வலிக்காது. ஆகவே, கல்லீரல் புற்று வரும் ஆபத்து அதிகம் என்பதால், சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.