கட்டற்ற மென்பொருள் இயக்கமும் மதுரைத் திட்டமும்

'கட்டற்ற மென்பொருள்' என்னும் தமிழ்த்தொடர் ஒருவகையில் ஆங்கில மூலத்தினும் தெளிவுடையது. ஆங்கிலத்தில் விலையின்மையையும் உரிமையையும் ஒரு சொல்லே குறித்தலின், அவ்வியக்கத்தார் ஓயாது விளக்கம் கூற வேண்டியதாயிற்று. நமக்கு இலவசம் வேறு, கட்டின்மை வேறு. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தினின்று வளர்ந்த அவ்வியக்கம் நான்கு உரிமைகளை வேண்டுகின்றது: எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தல், ஆராய்ந்து திருத்தல், படிகளைப் பிறர்க்கு வழங்கல், திருத்திய படிகளையும் வழங்கல்.

மதுரைத் திட்டம் மென்பொருள் அன்று, நூற்றொகுதி. எனினும் இவ்வளவுகோலால் அதனை அளத்தல் பயனுடைத்து. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் ஆகியோர் முன்னின்று 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கியது அது. பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் பிழைதிருத்தியும் நூல்களை அளித்தனர். உழைக்கும் முறையில் இரண்டும் உடன்பிறந்தனவே. உரிமை வழங்கும் முறையிலோ வேற்றுமை உண்டு. மதுரைத் திட்டக் கோப்பின் முகப்பு, உழைத்தோர் பெயரைக் கூறி, அம்முகப்பைச் சிதைக்காமல் யாவர்க்கும் வழங்கலாம் என்கின்றது. திருத்திய படியைப் பற்றி அது பேசவில்லை.

இதனைக் குறையெனக் கொள்ளலாமா? மூலபாடத்தைக் கண்டபடி மாற்றுதல் ஏடெழுதுவோர் காலந்தொட்டு நாம் அஞ்சும் தீங்கு. கட்டற்ற இயக்கத்துள்ளேயே இவ்வழக்கு உண்டு. குனூ ஆவண உரிமம் மாற்றலாகாப் பகுதிகளுக்கு இடந்தந்தது. அத்தகைய பகுதியுடைய ஆவணங்கள் கட்டற்றன ஆகா என 2006-இல் டெபியன் திட்டத்தார் வாக்கெடுத்து முடிவு செய்தனர்.

ஆயினும், பாடத்தைத் திரித்தல் வேறு. ஆய்வுக்கு ஏற்பச் சமைத்தல் வேறு. திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோவில் திருவாசகத்துள் எங்கெங்குப் பயில்கின்றது என ஒரு மாணவர் கணினியால் தேடப் புகுகின்றார் என்க. சீர்பிரித்த பாடத்தில் 'திருப்பெருந் துறை' என அவ்வூர்ப்பெயர் இருகூறாய் நிற்கும் இடங்கள் உள. அவை தேடலில் அகப்படா. பதம்பிரித்துச் சொல்தோறும் குறியிட்ட புதுப்படி ஒன்றை அவர் ஆக்கியே தீரல் வேண்டும். அது திருத்திய படியே. அதனைப் பரப்பத் தெளிவான இசைவு இல்லையெனில், அடுத்து வருபவர் அதே உழைப்பை முதலிலிருந்து தொடங்குவார். (நம் துறைகளில் இது நாளும் நிகழ்வது.)

விக்கிமூலத்தின் நெறி ஈண்டுக் கருதத்தக்கது. அச்சுப்பக்கத்தின் படமும் தட்டச்சிட்ட பாடமும் அருகருகே நிற்கும். யார் எதனை எப்போது மாற்றினார் என்பது அழியாது பதிவாகும். படைத்தோர் பெயரைச் சுட்டி, திருத்தியதையும் அவ்வுரிமத்திலேயே பகிர்க என்பது அதன் படைப்பாக்கப் பொதும உரிமம். திருத்தமும் உண்டு, பழம்பாடமும் இழக்கப்படுவதில்லை. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை அடிக்குறிப்பாகக் காத்த முறையை ஒருவாறு இது ஒக்கும்.

திருவாசக மூலத்திற்கு இன்று உரிமையாளர் எவரும் இலர். உரையும் குறிப்பும் எழுதியோர்க்கே, 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. எனவே ஆய்வேட்டின் பின்னிணைப்பாய் முடங்கும் சொல்லடைவுகளையும் பதம்பிரித்த கோப்புகளையும் இத்தகைய உரிமத்துடன் வெளியிட ஆய்வாளர்க்குத் தடையாதும் இல்லை. உரிமம் இன்னது என்று கோப்பின் முகப்பிலேயே எழுதுதல் ஒன்றே வேண்டுவது.