துருவம் என்ற சொல்

வழிகாட்டும் நட்சத்திரம் எது என்றால் துருவ நட்சத்திரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். "எங்கே, காட்டுங்கள்" என்று பிள்ளை கேட்டால் என்ன செய்வது?

முதலில் சொல்லைப் பார்ப்போம். துருவம் வடமொழிச் சொல். அசையாதது, நிலையானது என்று பொருள். தந்தையின் மடியில் உட்காரச் சிற்றன்னை விடவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை காட்டுக்குப் போய்த் தவமிருந்து, யாராலும் அசைக்க முடியாத இடத்தை வானில் பெற்றான். அவனே துருவன் என்று விஷ்ணு புராணமும் பாகவதமும் கூறுகின்றன. சங்கப் பாடல்களில் வரும் வடமீன் இதுவன்று. அது அருந்ததி, கல்யாணத்தில் பெண்ணுக்குக் காட்டும் மீன்.

துருவம் ஏன் அசைவதில்லை? பூமி தன் அச்சில் சுழல்கிறது. அந்த அச்சின் வடமுனைக்கு ஏறக்குறைய நேர் மேலே இந்த நட்சத்திரம் இருக்கிறது. மற்றவை கிழக்கே எழுந்து மேற்கே சாய, இது மட்டும் வடக்கிலேயே நிற்கும். மாலுமிகளுக்கு இதனால் இன்னொரு பயனும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு எத்தனை பாகை வடக்கே இருக்கிறோமோ, அத்தனை பாகை உயரத்தில்தான் அது தெரியும். கையை நேரே நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை.

நம் பாட்டன்மாரில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். ரஜூலா கப்பலின் பெயர் இன்னும் நம் வீடுகளில் அடிபடுகிறது. நாகப்பட்டினத்தில் துருவம் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, 11 பாகையில் நிற்கும். பினாங்கில் 5 பாகை. சிரம்பானிலோ 3 பாகைக்கும் குறைவு, இரண்டு விரல் அகலந்தான்! அடிவானத்து மங்கலும் பால்மரமும் செம்பனையும் அதை மறைத்துவிடும். சொல் மட்டும் நம்மோடு கரையேறியது.

பெரட்டுக்கு எழுந்தவர்களுக்குத் தெரிந்தது விடிவெள்ளி. அது நட்சத்திரமே அல்ல. சுக்கிரன் என்னும் கிரகம். சில மாதம் விடியலில் வரும், சில மாதம் அந்தியில் வரும். திசைக்கு அதை நம்ப முடியாது.

நெகிரி செம்பிலானில் தெற்கைப் பிடிப்பதே எளிது. மே மாத நடுவில் இரவு 10 மணியளவில் தென்வானில், ஏறக்குறைய மூன்று முஷ்டி உயரத்தில் சிலுவை போல் நான்கு நட்சத்திரங்கள் நிற்கும். மலாய்க்காரர்கள் அதைப் 'பாரி' என்பார்கள். நம் திருக்கை மீன். மேலும் கீழும் உள்ள இரண்டையும் கோடாக இணைத்து அடிவானம்வரை இறக்குங்கள். அதுதான் தெற்கு. அதற்கு முதுகைக் காட்டி நின்றால், எதிரே மரங்களுக்குப் பின்னால் இருக்கிறான் துருவன்.