பொம்மைக்கு விழுந்த அடி



எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவுக்கு நாம் ஒரு நாள் பகல் போயிருந்தோம். பிள்ளைகளின் நிறைப் பதிவைப் பார்ப்பதுதான் அன்றைய வேலை. மூலையில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி துணிப் பொம்மையை மடியில் வைத்துச் சோறூட்டிக் கொண்டிருந்தாள். பொம்மை தின்னவில்லை போலும். படீரென்று அதன் முதுகில் ஒரு அடி வைத்து, "எனக்கே இன்னைக்கு அரைப்பேரு, நீ வேற உசுர வாங்காத!" என்றாள்.

ஆயம்மா சிரித்துவிட்டார். நமக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. அரைப்பேர் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அந்தச் சொல்லோடு அடியும் சேர்ந்து வரும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

இதை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 72 சிறு பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சில பிள்ளைகளின் முன்னால் பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்தினார், சுத்தியலால் அடித்தார், ஏசினார். வேறு சில பிள்ளைகளின் முன்னால் பெரியவர் சும்மா அமைதியாக இருந்தார். பின்பு பிள்ளைகளை விளையாட விட்டபோது, அடியைப் பார்த்த பிள்ளைகளில் பலர் அதே மாதிரி அடித்தார்கள். பெரியவர் சொன்ன அதே சொற்களையும் சொன்னார்கள். அமைதியானவரைப் பார்த்த பிள்ளைகளிடம் அது மிகக் குறைவு. அடிக்கச் சொல்லி யாரும் அவர்களுக்குப் படிப்பிக்கவில்லை.

அந்தச் சிறுமியின் தாயைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்க மலையில் நின்று, அந்தி நிறுவையில் கிலோ குறைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்க முடியாது. கடைக் கடன்காரரோடும் முடியாது. திருப்பிப் பேசாத ஒரே ஆள் லயத்தில் இருக்கிற பிள்ளைதான். கோபம் அங்கே போய் இறங்குகிறது.

நாம் மட்டும் என்ன திறம்? சில வருடங்களுக்கு முன் நமது மகன் கணக்குப் பாடத்தில் 28 புள்ளி எடுத்து வந்தபோது நாமும் கை ஓங்கினோம். அடுத்த தவணை புள்ளி கூடவில்லை. தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கே வரவில்லை. நமது கையெழுத்தை அவனே போட்டுக் கொடுத்திருந்தான். பயந்த பிள்ளை கணக்கைப் படிக்கவில்லை, ஒளிக்கப் படித்துக்கொண்டது. "அப்பா அடிச்சது பிழை" என்று சொல்ல நமக்கு இரண்டு நாள் பிடித்தது. பெரிய வெட்கம்தான். ஆனாலும் அதன் பிறகுதான் பின்னக் கணக்கு விளங்கவில்லை என்று வாய் திறந்தான்.

அந்த நாளிலிருந்து நாம் செய்கிற காரியம் ஒன்று. வேலை முடிந்து வந்ததும் நேரே உள்ளே போவதில்லை. பீலியில் கை, கால், முகம் கழுவி, ஸ்தோப்பில் உட்கார்ந்து மெதுவாகப் பத்துத் தடவை மூச்சை இழுத்து விடுகிறோம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். அப்போது நெஞ்சுப் படபடப்பு குறையும். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்தான். கோபம் போய்விடும் என்று சொல்ல மாட்டோம். கை ஓங்குகிற வேகம் குறையும். பிள்ளையிடமும், "அம்மாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல, கொஞ்சம் பொறு கண்ணு" என்று சொல்லலாம். நாலு வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

தகப்பன்மாருக்கும் ஒரு சொல். மலையால் வருகிற பெண்ணுக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைக்க வேண்டுமானால், தண்ணீர் எடுப்பதையும் அடுப்பு மூட்டுவதையும் வேறு யாராவது செய்ய வேண்டும். முன்னதாகவே வேலை முடிந்து வருகிறவர் நீங்கள்தானே!

அடி எல்லை மீறுகிற வீடுகளும் உண்டு. பக்கத்துக் காம்பராவில் அலறல் கேட்டால் "அவங்க வீட்டு விசயம்" என்று இருந்துவிடாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. கட்டணம் கிடையாது.

ஆயம்மா ஒரு செய்தி சொல்லச் சொன்னார். மாலையில் பிள்ளையை எடுக்க வருகிறவர்கள் கூடையோடு வாசலில் நின்றே கூப்பிட்டுக்கொண்டு ஓடுகிறார்களாம். ஒரு நிமிடம் உள்ளே வந்து, பிள்ளை இன்று என்ன விளையாடியது என்று கேட்டுவிட்டுப் போகட்டுமாம்.