ஊர் கூடிக் காக்கும் காடு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் மனிதனை அதிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். கோடரியும் ஆடும் நுழையாத காடே செழிக்கும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் காடுகள் வேறொரு பாடத்தைச் சொல்லுகின்றன. அங்கே மனிதன் அளவுக்கு மீறி வெட்டியதாலும் காடு அழிந்தது; அவன் காட்டை அறவே விட்டுச் சென்றதாலும் காடு அழிந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டின் இயல்பு

மத்தியதரைக் கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. கோடையோ வெப்பமும் வறட்சியும் நிறைந்தது. வெயில் மிகுந்த மாதங்களில் நீர் கிடைக்காததால் அங்குள்ள தாவரங்கள் சிறுத்துத் தடித்த இலைகளைப் பெற்றுள்ளன. பல செடிகளில் எண்ணெயும் பிசினும் மிகுதி. ஆகவே கோடையில் ஒரு சிறு பொறி போதும், புதர்க்காடு பற்றி எரியும்.

இத்தகைய காடு பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றதில் அடிவாரத்து மக்களுக்கும் பங்குண்டு. அவர்களுடைய ஆடுகள் புதர்களை மேய்ந்தன. காய்ந்த சுள்ளிகள் வீட்டு அடுப்புக்குச் சென்றன. வெட்டிய புதர்ச் செடிகளைத் தொழுவத்தில் பரப்பி, பின்னர் அவற்றையே எருவாக வயலில் இட்டனர். 1950-க்குப் பின் தென் ஐரோப்பியச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். வயல்கள் புதர் மண்டின. அடுப்புக்குப் போக வேண்டிய விறகு காட்டிலேயே தங்கியது. நெருப்புக்கு இரை சேர்ந்தது.

கட்டுப்பாடு: ஊர் வகுத்த விதி

மக்கள் காட்டைப் பயன்படுத்துவது மட்டும் போதாது. எப்பொழுது, எவ்வளவு என்ற வரம்பும் வேண்டும். இதற்கு மொராக்கோ நாட்டின் ஆர்கன் காடுகள் நல்ல சான்று. அந்நாட்டின் தென்மேற்கில் சுமார் 8 இலட்சம் ஹெக்டேர் பரப்பில் ஆர்கன் மரங்கள் வளர்கின்றன. 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் அரசுக்குரியது. கனி பொறுக்கவும், ஆடு மேய்க்கவும், மரங்களுக்கிடையே பயிரிடவும் உள்ளூர் மக்களுக்கு உரிமையுண்டு.

அங்கே 'அக்தால்' என்றொரு வழக்கம் உள்ளது. கனி பழுக்கும் கோடை மாதங்களில் குறிப்பிட்ட காட்டுப் பகுதியில் ஆடுகள் நுழையக் கூடாது என்று ஊரார் கூடித் தடை விதிப்பர். கனி பொறுக்கி முடிந்ததும் தடை நீங்கும். தன் ஆட்டைத் திருட்டுத்தனமாக விடுபவன் அயலான் கண்ணுக்குத் தப்ப முடியாது. நூறு காவலர் செய்ய இயலாத காவலை இவ்வூர்க் கட்டுப்பாடு செய்கிறது. இப்பகுதியை 1998-இல் யுனெஸ்கோ நிறுவனம் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

வருவாய்: மரத்தை வாழவைக்கும் தொழில்

போர்ச்சுகல் நாட்டின் தென்பகுதியில் தக்கை ஓக் மரங்கள் பரந்து நிற்கின்றன. திராட்சை மதுப் புட்டிகளை மூடும் தக்கை இம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கிறது. ஏறத்தாழ 25 வயதில்தான் முதல் உரிப்பு. அதன்பின் 9 ஆண்டுகளுக்கு ஒரு முறை. மூன்றாம் உரிப்பிலிருந்துதான் புட்டி மூடிக்கு ஏற்ற தக்கை கிடைக்கும். அதாவது, கன்று நட்டவன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்!

பட்டை உரிப்பவன் கையில் கோடரிதான் இருக்கிறது. ஆனால் உள்திசுவில் அதன் கூர் படாமல் அவன் வெட்ட வேண்டும். பட்டால் மரம் புண்படும். உரித்த ஆண்டின் கடைசி எண்ணை மரத்தின் மேலேயே வெள்ளைச் சாயத்தால் எழுதுவர். அனுமதியின்றி இம்மரத்தை வெட்டுவது அந்நாட்டில் குற்றம். எனினும் சட்டத்தைக் காட்டிலும் மரத்தைக் காப்பது அது தரும் வருவாயே. பிளாஸ்டிக் மூடிகளும் திருகு மூடிகளும் பெருகியபோது, தக்கைக்கு விலை குறைந்தால் காட்டை யார் பேணுவர் என்ற கவலை எழுந்ததில் வியப்பில்லை.

உரிமை: பறித்ததும் திருப்பியதும்

அதே போர்ச்சுகலின் வட, நடு மலைப் பகுதிகளில் 'பால்டியோ' எனப்படும் ஊர்ப் பொதுநிலங்கள் உள்ளன. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் எருவுக்கும் ஏழைக் குடும்பங்கள் இவற்றையே நம்பி வாழ்ந்தன. சலசாரின் சர்வாதிகார ஆட்சியில், 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு அரசு இந்நிலங்களில் பெருமளவில் பைன் மரங்களை நட்டது. மேய்ப்பர்களுக்கு வழி அடைபட்டது. ஆடு நுழைந்தால் அபராதம். இத்துயரைப் பொருளாகக் கொண்டு அக்கிலினோ ரிபெய்ரோ 1958-இல் எழுதிய நாவலுக்கு அரசு தடை விதித்தது. ஆசிரியர் மீது வழக்கும் தொடுத்தது. பச்சைப் பசேலெனக் காடு வளர்ந்தது உண்மையே. ஆனால் அது ஊராரின் காடாக இல்லை. தனதல்லாத காட்டை நெருப்பிலிருந்து காக்க எவன் ஓடுவான்?

1974-இல் புரட்சி வெடித்து அவ்வாட்சி வீழ்ந்தது. 1976-இல் பொதுநிலங்கள் சட்டப்படி ஊர் மக்களிடம் திருப்பி அளிக்கப்பட்டன. நிலத்தில் உரிமையுள்ளோர் அனைவரும் கூடும் பேரவையே முடிவெடுக்கும் என வகுக்கப்பட்டது. விரும்பினால் அவர்கள் வனத்துறையுடன் சேர்ந்தும் நிர்வகிக்கலாம். ஆயினும் அதற்குள் பல ஊர்களில் இளைஞர் வெளியேறி, முதியோரே எஞ்சியிருந்தனர். உரிமை வந்தபோது கைகள் குறைந்துவிட்டன.

நெருப்பு கற்பித்த பாடம்

2017 ஜூன் 17 அன்று நடு போர்ச்சுகலின் பெத்ரோகாவ் கிராந்தே பகுதியில் மூண்ட காட்டுத்தீயில் 66 பேர் மாண்டனர். அவர்களில் பலர் தப்பிச் செல்ல முயன்ற சாலையிலேயே உயிரிழந்தனர். நாம் தைலமரம் என்றழைக்கும் யூகலிப்டசும் பைனும் அப்பகுதியில் நெருங்கி நின்றன. காகிதக் கூழுக்காக நடப்பட்ட யூகலிப்டஸ் அந்நாட்டில் மற்றெந்த மரத்தைக் காட்டிலும் மிகுந்த பரப்பில் பரவியுள்ளது. அவ்வாண்டு மட்டும் அங்கே 5 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது.

அதே தீ பெராரியா தெ சாவ் ஜுவாவ் என்னும் சிற்றூரையும் நெருங்கியது. ஊரை ஒட்டியிருந்த பழைய தக்கை ஓக் தோப்பு நெருப்பின் வேகத்தைத் தணித்தது, வீடுகள் பிழைத்தன. ஊரார் இதைக் கண்ணால் கண்டனர். பின்னர் ஒன்றுகூடி, ஊரைச் சுற்றி 100 மீட்டர் தொலைவுக்கு யூகலிப்டஸ் மரங்களை அகற்றி, தக்கை ஓக் போன்ற நாட்டு மரங்களை நடுவதென முடிவு செய்தனர். நிலமோ பலருக்குச் சொந்தமான சிறு சிறு துண்டுகள். ஒருவன் மட்டும் தன் துண்டைச் சுத்தம் செய்தால் அயலான் நிலத்துத் தீ அவனையும் எரிக்கும். தேரை ஊர் கூடித்தானே இழுக்க வேண்டும்! 2018-இல் அரசும் சிற்றூர்தோறும் ஒருவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக்கி, தீயின்போது கூடுமிடத்தையும் வெளியேறும் வழியையும் முன்னரே வகுக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

எது பங்கேற்பு?

மரம் நடு விழாவுக்கு ஊராரை அழைத்துக் குழி தோண்டச் செய்வது பங்கேற்பு ஆகாது. எந்த மரத்தை நடுவது, எங்கே மேய்ப்பது, வரும் பணத்தை எப்படிப் பகிர்வது என்ற முடிவுகளில் அவர்கள் குரல் ஒலிக்க வேண்டும். நிலையான உரிமை, நேர்மையான வருவாய், தாமே வகுத்த கட்டுப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் காடு நிலைக்கும். ஒன்று குறைந்தாலும் பயனில்லை. ஆர்கன் எண்ணெய்க்கு உலகச் சந்தையில் விலை ஏறியபோது, சில குடும்பங்கள் அப்பணத்தில் மேலும் ஆடுகளை வாங்கின. அவ்வாடுகள் அம்மரங்களையே மேய்ந்தன என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். வருவாய் மட்டும் காட்டைக் காக்காது என்பதற்கு இதுவே சான்று.

தாவரவியல் பயிலும் நாம் தக்கை ஓக் மரத்தின் இலத்தீன் பெயரை மனப்பாடம் செய்கிறோம். அம்மரத்தில் கோடரி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை எழுத்தறியாத ஒரு தொழிலாளி கைப்பழக்கத்தால் அறிந்திருக்கிறான். இவ்விரு அறிவும் ஒன்றையொன்று மதித்துச் சந்திக்க வேண்டும். நம்மில் சிலர் நாளை வனத்துறைப் பணிக்குச் செல்லலாம். அன்று அடிவாரத்து ஊருக்குள் நுழையும்போது, அபராதச் சீட்டைக் கையிலெடுக்கும் முன், அங்குள்ள மேய்ப்பனிடம் காட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்போமாக.