கிழமை தவறாத வண்டி

வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் என்றாலே நம் சபைகளில் அந்த ஒரு ராத்திரியைத்தான் பிரசங்கிப்பார்கள். பிரசவத்துக்கு உதவி கேட்டு மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து திரும்பிப்போன ராத்திரி. கண்ணீர் வரவழைக்கிற கதைதான். ஆனால் அதற்கப்புறம் அந்த அம்மா வேலையை எப்படி வகுத்துக்கொண்டார் என்று யாரும் பேசுவதில்லை. பாஸ்டரேட் கமிட்டியில் தலையைப் பிய்த்துக்கொள்கிற நமக்கு வேண்டியது அதுதான். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

1902-ல் வேலூரில் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தாயிற்று. நோயாளிகள் இங்கே வரட்டும் என்று இருந்துவிடலாம். அவர் இருக்கவில்லை. வாரம் ஒருநாள் மாட்டுவண்டியில் குடியாத்தம் பக்கம் கிளம்பினார். 1909-ல் ஒரு பெஜோ கார் வந்தபின் அதில். இன்ன கிழமை, இன்ன மரத்தடி என்று சனங்களுக்குப் பழகிப்போயிற்று. வண்டி வருமுன்பே கூட்டம் கூடியிருக்கும். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை, சொன்ன நாளில் சொன்ன இடத்தில் போய் நிற்பது, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருந்த யோசனையைப் பாருங்கள்: சனங்கள் எந்தச் சாலையில் நடக்கிறார்களோ, அங்கே போவது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் விடிந்ததும் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. பொழுதுசாய இறங்கி, சோறு பொங்கி, பிள்ளைகளைப் பார்த்து, படுக்கிறார்கள். நாமோ பெண்கள் ஐக்கிய சங்கத்தை வாரநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வைத்திருக்கிறோம். வருவது மாமியார்கள் மட்டும். மருமகளுக்கு விசுவாசம் குறைந்துவிட்டதாக ஒரு பேச்சு வேறு! மூன்று மணி என்பது அந்தக்காலத்து வீட்டுப் பெண்களுக்காக வைத்த நேரம். பெண்கள் வாழ்க்கை மாறியது, நம் கடிகாரம் மாறவில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் கஷ்டமானது. நோயாளிகள் பெருகப் பெருக, ஐடா தான் பார்க்கிற எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போயிருக்கலாம். மாறாக, 1909-ல் செவிலியர் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று, பார்க்கிறவர்களை உண்டாக்கினார். நம் ஆயர் ஐந்தாறு கிராமத்துக்கு ஒருவர். திருமணப் பதிவேடு, கல்லறைத் தகராறு, ஸ்பீக்கர் செட் வாடகை எல்லாம் அவர் தலையில். அவர் சனிக்கிழமை ராத்திரி பிரசங்கம் தயாரிக்கிறார் என்று குறை சொல்கிறோம். கணக்கை ரிட்டயர்ட் ஆசிரியர் ஒருவரிடமும், வீடு சந்திப்பை தெருவுக்கு ஒரு குடும்பத்திடமும் கொடுத்துப் பழக்கினால் ஆயர் ஆயராக இருப்பார். முதல் வருஷம் தப்பும் தவறுமாகத்தான் நடக்கும். நடக்கட்டும்.

மூன்றாவது, பெயரை விட்டுக்கொடுப்பது. 1930-களின் கடைசியில் பழைய டிப்ளமோ படிப்புக்கு இடமில்லை என்றானது. பள்ளி எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்ந்தால்தான் பிழைக்கும். அதற்குப் பல மிஷன்கள் சேர்ந்து தாங்க வேண்டும். அப்படியானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்கென்று காணிக்கை சேர்த்துக் கொடுத்த லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். அவருடைய நியாயமும் நியாயந்தான். ஐடா ஆண்களையும் சேர்க்கும் பக்கம் நின்றார். 1947-ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். பிறகு ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநரானார். ஐடா கொடைக்கானலில் இருந்தார், 1960-ல் மறையும் வரை. நம்மூரிலோ சங்கச் செயலாளர் பதவியை விட மனசில்லாமல் தேர்தலுக்குத் தேர்தல் கோர்ட் படி ஏறுகிறோம்.

அதனால், அடுத்த கமிட்டியில் புதிதாக ஒரு கூட்டம் சேர்க்கும் பேச்சு வந்தால், எதை எடுக்கப்போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். எடுக்க ஒன்றும் இல்லையென்றால் சேர்க்க வேண்டாம். மூன்று மணிப் பெண்கள் கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அரைமணி நேரமாக வைத்துப் பாருங்கள். மருமகள்கள் அன்றைக்குத்தான் ஊரில் இருக்கிறார்கள்.