போலிக் கொள்ளளவு நினைவகம்

போலிக் கொள்ளளவு நினைவகம் என்பது, தன்னுள் இருக்கும் சில்லு உண்மையில் தாங்கக்கூடிய அளவைவிடப் பன்மடங்கு கூடுதலான அளவைக் கணினிக்கு அறிவிக்குமாறு மாற்றியமைக்கப்பட்ட சேமிப்புக் கருவி ஆகும். பென் டிரைவ் எனப்படும் விரலி, நினைவக அட்டை, கையடக்க எஸ்.எஸ்.டி. ஆகிய வகைகளில் இது காணப்படுகிறது. இணையவழி விற்பனைத் தளங்களில், அதே அளவுள்ள உண்மையான கருவியின் விலையில் சிறு பங்குக்கே இது விற்கப்படுவதுண்டு. வாங்கிய உடன் கருவி ஒழுங்காக இயங்குவதுபோல் தோன்றும். உண்மையான கொள்ளளவு நிரம்பிய பின்னரே கோப்புகள் அழியத் தொடங்குகின்றன. அதற்குள் பயனர் மூலக் கோப்புகளை வேறு இடங்களில் இருந்து நீக்கிவிட்டிருந்தால் இழப்பு நிரந்தரமாகிவிடும்.

பின்னணி

ஃபிளாஷ் நினைவகம் சப்பானின் தொசிபா நிறுவனத்தில் பணியாற்றிய புசியோ மசுவோக்கா என்பவரால் உருவாக்கப்பட்டது. இதன் நேண்ட் வகை 1987 இல் அறிமுகமானது. எஸ்.டி. நினைவக அட்டை 1999 இலும், யு.எஸ்.பி. விரலி 2000 ஆம் ஆண்டிலும் அறிமுகமாயின. விலை குறைந்து பயன்பாடு பெருகியபோது போலிகளும் பெருகின.

ஒவ்வொரு விரலியிலும் அட்டையிலும் இரண்டு முதன்மை உறுப்புகள் உள்ளன. ஒன்று தரவைத் தாங்கும் நினைவகச் சில்லு. மற்றொன்று அச்சில்லுக்கும் கணினிக்கும் இடையில் நிற்கும் கட்டுப்படுத்தி. கணினி நினைவகச் சில்லை நேரடியாகக் காண்பதில்லை. கொள்ளளவு எவ்வளவு, தயாரிப்பாளர் யார் என்பவற்றைக் கட்டுப்படுத்தி சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. தொழிற்சாலையில் இவ்விவரங்களைப் பதிவதற்கென மென்பொருள்கள் உள்ளன. அவை வெளியாருக்கும் கிடைப்பதால், 16 கிகாபைட் சில்லுக்கு 2 டெராபைட் என்ற அடையாளத்தை இட இயல்கிறது.

வன்பொருள் பொறியாளரான ஆண்ட்ரூ குவாங் 2010 பெப்ரவரியில் ஐயத்துக்குரிய மைக்ரோ எஸ்.டி. அட்டைகளைப் பிரித்து ஆராய்ந்து தம் முடிவுகளை வெளியிட்டார். 2013 திசம்பரில் சேர்மனியின் ஆம்பர்கு நகரில் நடந்த 30சி3 மாநாட்டில், அவரும் சான் குரோசும் நினைவக அட்டையின் கட்டுப்படுத்தியில் வேறொரு நிரலை ஏற்றி இயக்க முடியும் என்பதைச் செய்து காட்டினர். 2022 இல், 16 டெராபைட் எஸ்.எஸ்.டி. என விற்கப்பட்ட கருவிகளின் உறைக்குள் யு.எஸ்.பி. அட்டைப் படிப்பானும் அதில் செருகிய சிறிய மைக்ரோ எஸ்.டி. அட்டைகளுமே இருந்தது தெரியவந்தது.

செயற்படும் முறை

உண்மையான எல்லையைத் தாண்டி எழுதப்படும் தரவைப் போலிக் கருவிகள் பெரும்பாலும் பின்வரும் இரு வழிகளில் கையாள்கின்றன.

* சுற்றி எழுதுதல்: எல்லையை அடைந்ததும் கட்டுப்படுத்தி மீண்டும் தொடக்கத்துக்குச் சென்று பழைய தரவின் மீதே எழுதுகிறது. கோப்பு முறைமையின் அட்டவணையும் இதில் அழிவதால், கருவியை வடிவமைக்குமாறு கணினி திடீரெனக் கேட்கலாம்.
* கைவிடுதல்: எல்லைக்கு அப்பாற்பட்ட தரவை எங்கும் எழுதாமல், எழுதிவிட்டதாக மட்டும் கட்டுப்படுத்தி அறிவிக்கிறது. திரும்பப் படிக்கும்போது சுழியங்களோ பொருளற்ற எண்களோ கிடைக்கின்றன.

இரண்டாம் வகை கூடுதலாக ஏமாற்றக்கூடியது. கோப்புகளின் பெயர், அளவு, நாள் ஆகியவற்றைக் கொண்ட அட்டவணை வட்டின் தொடக்கப் பகுதியில், அதாவது உண்மையான சில்லின் எல்லைக்குள், அமைகிறது. ஆகவே பட்டியலில் எல்லாக் கோப்புகளும் சரியான அளவுடன் தெரியும். திறக்கும்போதுதான் நிழற்படம் பாதியில் சாம்பல் நிறமாவதும், நிகழ்படம் ஓடாமல் நிற்பதும் வெளிப்படும். விரைவு வடிவமைப்பு தொடக்கப் பகுதியில் மட்டுமே எழுதுவதால் அது பிழையின்றி முடிவது கருவி நல்லது என்பதற்குச் சான்று ஆகாது.

விற்பனைப் பக்கங்களில் நல்ல மதிப்புரைகள் காணப்படுவதற்கும் இதுவே ஒரு காரணம். கருவி வந்த அன்றே சில கோப்புகளைப் படியெடுத்துப் பார்த்து எழுதியவரின் மதிப்புரையில் குறை எதுவும் தென்படாது.

அறிகுறிகள்

* விலை, அதே அளவுள்ள பிற கருவிகளின் விலையைவிட மிகக் குறைவாக இருத்தல்.
* அறிவிக்கப்படும் அளவு தொழில்நுட்பத் தரத்துக்குப் பொருந்தாமை. எஸ்.டி.எச்.சி. அட்டைகளின் உச்ச அளவு 32 கிகாபைட். எஸ்.டி.எக்சு.சி. அட்டைகளின் உச்ச அளவு 2 டெராபைட். எஸ்.டி.எச்.சி. குறியுடன் 64 கிகாபைட் என அச்சிட்ட அட்டை தன்னைத்தானே மறுக்கிறது.
* எழுதும் வேகம் அறிவிக்கப்பட்டதைவிட மிகக் குறைவாக இருத்தல்.
* உறையில் எழுத்துப் பிழைகள், மங்கிய அச்சு, வரிசை எண் இல்லாமை.

கணினி காட்டும் அளவு சற்றுக் குறைவாக இருப்பது மட்டும் மோசடி ஆகாது. தயாரிப்பாளர்கள் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட்டுகளாகக் கணக்கிடுகின்றனர். விண்டோசு இயங்குதளம் 1,07,37,41,824 பைட்டுகளாகக் கணக்கிடுகிறது. இதனால் 64 கிகாபைட் கருவி விண்டோசில் ஏறத்தாழ 59.6 எனக் காட்டப்படும். மாறாக, போலிக் கருவி அச்சிட்ட அளவை வழுவாமல் காட்டும். ஆகவே காட்டப்படும் எண்ணைக் கொண்டு உண்மையை அறிய இயலாது.

சோதிக்கும் முறைகள்

உறுதியான சோதனை, கருவி முழுவதையும் தெரிந்த தரவால் நிரப்பித் திரும்பப் படித்து ஒப்பிடுவதே. இதற்குப் பின்வரும் இலவச மென்பொருள்கள் பயன்படுகின்றன.

* எச்2டெஸ்ட்டபிள்யூ: சேர்மனியின் சி'ட்டி கணினி இதழைச் சேர்ந்த அரால்டு போகொல்சு எழுதியது. விண்டோசில் இயங்கும். 1 கிகாபைட் அளவுள்ள கோப்புகளால் கருவியை நிரப்பி, எவ்வளவு தரவு நலமாக உள்ளது, எவ்வளவு இழந்தது என்பதை அறிவிக்கும்.
* எஃப்3: மிசேல் மச்சாடோ எழுதிய திறந்த மூல மென்பொருள். லினக்சிலும் மாக் இயங்குதளத்திலும் முழுச் சோதனை செய்யும். லினக்சில் இதன் துணை நிரல் ஒன்று, தேர்ந்த இடங்களில் மட்டும் எழுதிச் சில நிமிடங்களில் உண்மையான அளவைக் கணிக்கிறது.
* வேலிடிரைவ்: ஸ்டீவ் கிப்சன் 2023 இல் வெளியிட்டது. யு.எஸ்.பி. கருவியில் சீரான இடைவெளியில் 576 இடங்களைச் சோதிக்கிறது.

முழுச் சோதனைக்கு நேரம் தேவை. வினாடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் எழுதும் 64 கிகாபைட் கருவியை நிரப்ப ஏறத்தாழ 1 மணி 47 நிமிடங்கள் ஆகும். 2 டெராபைட் என்று சொல்லும் கருவிக்கு அதே வேகத்தில் 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருப்பி அனுப்பும் காலவரம்பு குறுகியதாக இருக்கும்போது, முதலில் விரைவுச் சோதனை செய்து, ஐயம் எழுந்தால் முழுச் சோதனை செய்வது பொருத்தமானது. கோப்புகளைக் கையால் படியெடுத்து ஒப்பிடுபவர், கருவியைக் கழற்றி மீண்டும் செருகிய பின்னரே படிக்க வேண்டும். இல்லையேல் கணினி தன் நினைவகத்தில் தற்காலிகமாக வைத்திருக்கும் படியையே காட்டக்கூடும்.

தரவு மீட்பு

எல்லைக்கு அப்பால் எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட தரவு சில்லில் எக்காலத்திலும் இருந்ததில்லை, அல்லது மேலெழுதப்பட்டுவிட்டது. எந்த மீட்பு மென்பொருளாலும் அதைக் கொணர இயலாது. கைவிடும் வகைக் கருவியில் முதலில் எழுதிய கோப்புகளும், சுற்றி எழுதும் வகையில் கடைசியாக எழுதிய கோப்புகளும் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. குறையைக் கண்டவுடன் கருவியில் எதையும் எழுதாமல், நலமாக உள்ளவற்றை வேறு வட்டுக்குப் படியெடுக்க வேண்டும். கோப்பு அட்டவணை அழிந்திருந்தால் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள் உதவக்கூடும். சோதனை மென்பொருளை இப்பணிக்குப் பின்னரே இயக்க வேண்டும். மூலக் கோப்புகள் நிழற்படக் கருவியிலோ கணினியிலோ இன்னும் நீக்கப்படாமல் இருந்தால் இழப்பு எதுவும் இல்லை.

பணத்தைத் திரும்பப் பெறுதல்

முறையீட்டுக்கு விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, விலைச்சீட்டு, சோதனை முடிவின் திரைப்பிடிப்பு, கருவி மற்றும் உறையின் நிழற்படங்கள் ஆகியன சான்றாக அமைகின்றன. விற்பனைப் பக்கம் பின்னர் நீக்கப்படலாம் என்பதால் அதை முதலிலேயே சேமிப்பது நன்று. விற்பனையாளர் சிலர் பகுதித் தொகை மட்டும் தர முன்வருவதும், வாங்கியவர் செலவில் வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கோருவதும் உண்டு. விற்பனைத் தளத்தின் வழியாகவே முறையிட்டால் உரையாடல் பதிவு சான்றாக நிற்கும்.

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020 ஆகியன பொருந்தும். குறையுள்ள அல்லது போலியான பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் முறையீட்டை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதன் பின்னரும் தீர்வு கிட்டாவிடில், தாம் வாழும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதபோது புகாருக்குக் கட்டணம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையவழி வாங்கிய பொருளைப் பெற்ற 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே கொள்முதலைக் கைவிட 2011 ஆம் ஆண்டின் நெறிமுறை உரிமை தருகிறது. ஐக்கிய இராச்சியத்தில் 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் மறுத்து முழுத் தொகையையும் பெற வழிசெய்கிறது.

எஞ்சிய பயன்பாடு

பணம் திரும்பக் கிடைக்காதபோது, சோதனையில் தெரிந்த உண்மையான அளவுக்கு மட்டும் பிரிவினை அமைத்துக் கருவியைப் பயன்படுத்த இயலும். எஃப்3 மென்பொருளில் இதற்கான துணை நிரல் உள்ளது. எனினும் இத்தகைய கருவிகளில் தரம் குன்றிய சில்லுகள் இடம்பெறுவதால், வேறெங்கும் படி இல்லாத கோப்புகளை அவற்றில் வைப்பது பாதுகாப்பானது அன்று. போலி என்று தெரிந்தே பிறருக்கு விற்பது அதே மோசடியைத் தொடர்வதாகும்.

இவற்றையும் பார்க்க

* ஃபிளாஷ் நினைவகம்
* கோப்பு முறைமை
* தரவு மீட்பு
* நுகர்வோர் பாதுகாப்பு